ஜோசியத்தைக் காட்டி நாடு கடத்தப்பட்ட திபெத் இளவரசர்: பூடான் மறக்காத சாங்மா யார்?

திபெத் என்றதும் தலாய் லாமாதான் நம் ஞாபகத்துக்கு வருவார். ஆனால் தலாய் லாமாக்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே திபெத் ஒரு ராணுவ வல்லரசு. 763-ல் சீனாவின் தலைநகர் சாங்கானுக்குள்ளேயே திபெத் படை புகுந்திருக்கிறது. அந்தப் பேரரசை ஆண்ட யார்லுங் வம்சத்தில் பிறந்தும் அரியணையில் உட்காராத ஒருவர்தான் இளவரசர் சாங்மா. (மேகாலயாவின் சங்மாக்களுக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை.)

சாங்மாவின் தாத்தா திரிசோங் டெட்சன், திபெத்தின் முதல் பெரிய பௌத்த மடமான சம்யேவைக் கட்டியவர். அப்பா சட்னலெக், 9-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட பேரரசர். பிள்ளைகளில் மூத்தவர் சாங்மா. முறைப்படி பார்த்தால் பட்டம் அவருக்குத்தான் வந்திருக்க வேண்டும். அவரோ துறவியாகிவிட்டார். அடுத்து இருந்த தர்மாவை அரசவை ஒதுக்கியது. அதனால் 815-ல் பட்டத்துக்கு வந்தவர் இளையவரான ரல்பசென்.

ரல்பசென் லேசுப்பட்ட அரசர் இல்லை. சீனாவின் டாங் பேரரசோடு 821-22-ல் சமாதான ஒப்பந்தம் செய்தார். அதைப் பொறித்த கல்தூண் லாசாவின் ஜோகாங் கோயில் முன்பு இன்றும் நிற்கிறது. பௌத்தத்தின் மேல் அவருக்கு இருந்த பற்று வேற லெவல். ஒரு துறவியைப் பராமரிக்க ஏழு குடும்பங்கள் என்று விதித்தார். ஒரு துறவியை முதன்மை அமைச்சர் இடத்திலேயே வைத்தார். வரி கட்டுகிறவர்களுக்கும், பழைய பிரபுக் குடும்பங்களுக்கும் இது எப்படி இருந்திருக்கும்? கோபம் உள்ளே புகைந்துகொண்டே இருந்தது.

காசு கொடுத்து வாங்கிய ஜோசியம்

அதிருப்தி அமைச்சர்கள் நேரடியாக அரசர் மேல் கை வைக்கவில்லை. முதலில் அவரைச் சுற்றி இருந்தவர்களைக் கழற்றினார்கள். அந்த வரிசையில் முதல் ஆள் சாங்மா. அரச ரத்தம், மூத்த பிள்ளை, போதாக்குறைக்குத் துறவி. ரல்பசெனுக்கு ஏதாவது ஆனால், பௌத்த தரப்பு ஒன்றுசேர ஒரு முகம் தயாராக இருந்தது.

திபெத்திய மரபு வரலாறுகள் சொல்வது இதுதான்: ஜோசியர்களுக்கும் குறி சொல்பவர்களுக்கும் லஞ்சம் கொடுக்கப்பட்டது. சாங்மா நாட்டில் இருந்தால் அரசருக்கும் ராஜ்ஜியத்துக்கும் ஆபத்து என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். சாங்மா தெற்கே, அன்று மோன் என்று அழைக்கப்பட்ட மலைநாட்டுக்கு அனுப்பப்பட்டார். அதாவது, இன்றைய பூடான் பக்கம்.

பழியை அமைச்சர்கள் மேல் மட்டும் போட்டுவிட முடியாது. ஜோசியத்தை நம்பினாரோ, அமைச்சர்களை மீற முடியவில்லையோ, அண்ணனை அனுப்பச் சம்மதித்தது தம்பிதான்.

அடுத்த குறி, துறவி அமைச்சர். அரசியோடு தொடர்பு என்று வதந்தி கிளப்பினார்கள். அமைச்சர் கொல்லப்பட்டார், அரசி உயிரை மாய்த்துக்கொண்டார். தனியாக நின்ற ரல்பசெனும் 840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கொலையானார். ஒதுக்கப்பட்ட தர்மா, லாங்தர்மா என்ற பெயரோடு அரசரானார். 842-ல் அவரையும் ஒரு துறவி அம்பெய்து கொன்றதாகச் சொல்கிறார்கள். வாரிசுச் சண்டையில் பேரரசு சிதறியது. வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர் தப்பித்தார், வீடு இடிந்துவிட்டது.

இந்த வரலாறுகளை எழுதியவர்கள் பெரும்பாலும் பிற்காலப் பௌத்தத் துறவிகள் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். லாங்தர்மா உண்மையில் அவ்வளவு கொடூரமானவரா என்று இன்றைய ஆய்வாளர்கள் பலர் சந்தேகப்படுகிறார்கள்.

துறவிக்கு எப்படி வம்சம்?

திபெத்தில் முடிந்த கதை, கிழக்கு பூடானில் தொடங்குகிறது. அங்குள்ள மரபுப்படி, சாங்மா அலைந்து திரிந்து மிசிம்பா என்ற இடத்தில் தங்கி ஒரு கோட்டை கட்டினார். டிராஷி யாங்ட்சே மாவட்டத்தில், சென்கர்லா என்று இப்போது அழைக்கப்படும் அந்த மலைமேல் கோட்டையின் இடிபாடுகள் இருக்கின்றன. காவியைத் துறந்து கல்யாணம் செய்துகொண்டார், பிள்ளைகள் பிறந்தார்கள், அவர்கள் வழியில் கிழக்கு பூடானை ஆண்ட குலங்கள் வந்தன என்கிறது மரபு.

இதை விரிவாகச் சொல்லும் நூலின் பெயர் கியல்ரிக். எழுதியவர் ங்காவாங் என்ற துறவி. சாங்மா காலத்துக்கு 800 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து எழுதப்பட்ட நூல் இது. ங்காவாங்கும் அதே குலங்களில் ஒன்றைச் சேர்ந்தவர்தான். அதனால் இதை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஆனால் நூல் வந்த நேரத்தைக் கவனியுங்கள். 17-ம் நூற்றாண்டின் நடுவில் மேற்கு பூடானிலிருந்து வந்த புதிய அரசு, கிழக்கின் குறுநிலத் தலைவர்களை ஒவ்வொருவராக அடக்கியது. கோட்டை, வரி, அதிகாரம் எல்லாம் போயிற்று. கையில் மிச்சம் இருந்தது தாங்கள் யார் வழி வந்தவர்கள் என்ற கதை மட்டும்தான். அதற்கு அரியணையே ஏறாத ஒரு இளவரசர் கச்சிதமாகப் பொருந்தினார்.

இன்று பூடானை ஆளும் வாங்சுக் குடும்பமும் இவர் வழியா? இல்லை. அவர்கள் தங்கள் பரம்பரையை 15-ம் நூற்றாண்டுப் பௌத்த ஞானி பெமா லிங்பாவிடமிருந்து சொல்கிறார்கள். சாங்மாவைச் சொந்தம் கொண்டாடுவது கிழக்கு பூடானின் பழைய குடும்பங்கள்தான்.