முத்து விளைந்த நாட்டின் மன்னர்
மாறவர்மன் குலசேகர பாண்டியர்

உத்தமபாளையத்திலிருந்து தேனிக்குப் பேருந்தில் செல்லும்போது நாம் எத்தனையோ முறை சின்னமனூரைக் கடந்திருக்கிறோம். அந்த ஊரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள் தமிழக வரலாற்றுக்கே ஒளி தந்தவை. மதுரையில் தமிழ்ச் சங்கம் இருந்ததையும் மகாபாரதம் தமிழில் ஆக்கப்பட்டதையும் அவை கூறுகின்றன. முல்லையாறு பாயும் நம் பள்ளத்தாக்குக்கும் பாண்டியருக்கும் உள்ள உறவு அவ்வளவு பழமையானது. ஆயினும் பாண்டியப் பேரரசு எப்படி உயர்ந்தது, எப்படி வீழ்ந்தது என்று கேட்டால் நம்மில் பலர் விழிக்கிறோம். ஆகவே அந்த உயர்வையும் வீழ்ச்சியையும் தம் ஒரே வாழ்நாளில் தாங்கிய மாறவர்மன் குலசேகர பாண்டியரைப் பற்றி இங்குச் சிறிது காண்போம்.

முன்னவர் அமைத்த அடித்தளம்

ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் சோழரின் கீழ் அடங்கிக் கிடந்த பாண்டிய நாடு பதின்மூன்றாம் நூற்றாண்டில் தலைநிமிர்ந்தது. 1251-இல் அரியணை ஏறிய சடையவர்மன் சுந்தரபாண்டியர் சோழரைத் திறை செலுத்த வைத்தார். காவிரிக் கரையில் கண்ணனூர்க் கொப்பத்தைப் பிடித்துப் போசளரை விரட்டினார். வடக்கே நெல்லூர் வரை சென்று வீராபிஷேகம் செய்துகொண்டார். தில்லைக்கும் திருவரங்கத்துக்கும் பொன் வேய்ந்த பெருமையும் அவருடையது.

இவ்வளவு பெரிய நாட்டைக் கட்டிக் காக்கும் பொறுப்பு 1268-இல் குலசேகரர் தோளில் விழுந்தது. பிறர் தேடிய செல்வத்தை அழிப்பது எளிது. காப்பதும் பெருக்குவதும் அரிது. குலசேகரர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதைக் காத்தார், பெருக்கவும் செய்தார்.

வெற்றி மேல் வெற்றி

1279-இல் குலசேகரர் சோழ மன்னர் மூன்றாம் இராசேந்திரரையும் அவருக்குத் துணை நின்ற போசள இராமநாதரையும் வென்றார். இராசராசரும் இராசேந்திரரும் வளர்த்த சோழப் பேரரசு அத்துடன் முடிவுற்றது. மேற்கே கொல்லத்தையும் வென்று, கொல்லம் கொண்டவர் என்ற பெயரும் பெற்றார். போர்களில் கிடைத்த பொருளைக் கொண்டு திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலின் வெளிமதிலை எழுப்பினார்.

அடுத்து அவர் பார்வை ஈழத்தின் மீது சென்றது. ஆரியச்சக்கரவர்த்தி என்ற தளபதியின் தலைமையில் சென்ற படை யாப்பகூவாக் கோட்டையைக் கைப்பற்றியது. பௌத்தர்கள் உயிரினும் மேலாகப் போற்றும் புத்தரின் பல் மதுரைக்குக் கொண்டுவரப்பட்டது. அந்த நாட்டு மக்கள் எவ்வளவு கலங்கியிருப்பார்கள்! நம் ஆலயத்திலிருந்து நாம் போற்றும் ஒன்றை யாராவது எடுத்துச் சென்றால் நம் மனம் என்ன பாடுபடும் என்று எண்ணிப் பார்த்தால் அது விளங்கும்.

பின்னர் ஈழத்து மன்னர் மூன்றாம் பராக்கிரமபாகு ஒரு துணிவான காரியம் செய்தார். படையோடு வராமல் பாண்டியரிடம் நேரில் வந்து பேசினார். குலசேகரரும் அந்தப் புனிதப் பொருளைத் திருப்பித் தந்தார். எடுத்து வந்தது அவருடைய படையின் வலிமையைக் காட்டுகிறது. திருப்பிக் கொடுத்ததோ அவருடைய உள்ளத்தின் வலிமையைக் காட்டுகிறது. முன்னதைவிடப் பின்னதே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

காயல் துறைமுகம்

குலசேகரரின் செல்வத்துக்கு ஊற்றுக்கண் காயல் துறைமுகம். தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்கு அருகில் பழையகாயல் என்ற பெயரில் அது இன்றும் சிற்றூராக இருக்கிறது. அன்று ஏடன், ஓர்முசு முதலிய துறைகளிலிருந்து மரக்கலங்கள் அங்கு வந்து நின்றன. சீனத்துக்கும் கப்பல்கள் சென்றன. பேரரசர் குப்ளாய்கானின் அவைக்குப் பாண்டிய நாட்டிலிருந்து தூதுவர்களும் சென்றனர்.

1292 வாக்கில் சீனத்திலிருந்து தாயகம் திரும்பிக்கொண்டிருந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ இந்த நாட்டைக் கண்டார். முத்துக் குளிப்பதை அவர் விரிவாக எழுதியிருக்கிறார். ஏப்ரல், மே மாதங்களில் மன்னார் வளைகுடாவில் படகுகள் கூடும். மூச்சை அடக்கிக்கொண்டு மனிதர்கள் கடலின் அடிக்குச் சென்று சிப்பி எடுப்பார்கள். கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கு அரசருக்கு. சுறாமீன் தாக்காமல் மந்திரம் சொல்பவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. மன்னர் கழுத்தில் அணிந்த மாலையில் 104 முத்துகளும் மாணிக்கங்களும் இருந்தனவாம். அவற்றில் ஒவ்வொரு முத்துக்கும் பின்னால் ஓர் ஏழையின் மூச்சு இருந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

கடன் பற்றிய ஒரு வழக்கமும் போலோவை வியப்பில் ஆழ்த்தியது. கடன்பட்டவன் தவணை சொல்லி ஏமாற்றினால், கடன் கொடுத்தவன் அவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் வரைந்துவிடலாம். கடனைத் தீர்க்காமல் அவன் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது; தாண்டினால் மரண தண்டனை. இந்நாட்டு அரசர் ஒருவரே ஒரு வெளிநாட்டு வணிகருக்குத் தர வேண்டியதைத் தராமல் காலம் கடத்தியபோது, அந்த வணிகர் குதிரை மேல் இருந்த அரசரைச் சுற்றி வட்டம் வரைந்துவிட்டாராம். பணம் வந்து சேரும் வரை அரசர் அசையாமல் நின்றார் என்று போலோ கண்ணால் கண்டதாகவே எழுதுகிறார். சட்டத்துக்கு மன்னனும் கட்டுப்பட்டவன் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ!

ஏறத்தாழ அதே காலத்தில் மோந்தேகொர்வினோ யோவான் என்ற பிரான்சிஸ்கு சபைத் துறவி சீனம் செல்லும் வழியில் மயிலாப்பூர்ப் பகுதியில் பதின்மூன்று மாதங்கள் தங்கி, நூறு பேர் அளவில் திருமுழுக்கு அளித்தார். பின்னாளில் பீக்கிங் நகரின் முதல் பேராயர் ஆனவர் இவரே. பாண்டியரின் துறைமுகங்களை மேற்பார்வை செய்யும் உயர் பொறுப்பிலோ தகியுத்தீன் என்ற இசுலாமியர் இருந்தார். பல சமயத்தாரும் அச்சமின்றி வந்து வாழ்ந்த நாடாக அது விளங்கியது.

குதிரையும் பொன்னும்

பாண்டிய நாட்டில் முத்து இருந்தது, குதிரை இல்லை. குதிரைப்படை இல்லாமல் போர் இல்லை. ஆகவே ஆண்டுதோறும் அராபிய, பாரசீகத் துறைகளிலிருந்து பத்தாயிரம் குதிரைகள் வந்தன என்றும், ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்றும் வஸ்ஸாப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர் எழுதுகிறார். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆண்டுக்கு 22 இலட்சம் தினார் ஆகிறது!

இத்தனை விலை கொடுத்து வாங்கிய குதிரைகளைப் பேணத் தெரியவில்லை. அவற்றுக்குப் புல்லும் கொள்ளும் தராமல் சமைத்த சோறும் இறைச்சியும் கொடுத்தார்கள். குதிரை வைத்தியர்களை வணிகர்கள் இங்கு வரவே விடவில்லை. குதிரைகள் இறந்தால்தானே மறு ஆண்டும் விற்க முடியும்? வாங்கிய குதிரைகளில் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாது என்கிறார் போலோ. கடலில் மூச்சடக்கி எடுத்த முத்து, இப்படிக் கொட்டடியில் வீணாயிற்று. பொருளைச் சேர்க்கத் தெரிந்தால் போதாது, அதை நடத்தும் அறிவும் வேண்டும் என்பதை இது நமக்கு உணர்த்துகிறது.

ஒரு தாயின் எச்சரிக்கை

பாண்டிய நாட்டை அக்காலத்தில் அரச குடும்பத்தினர் பலர் பங்கிட்டு ஆண்டனர். தலைமை குலசேகரருடையது. உடன்பிறந்த ஐந்து அரசர்கள் என்று போலோ குறிப்பிடுகிறார். அவர்களுக்குள் பூசல் மூளும்போதெல்லாம் அவர்களின் தாய் நடுவில் வந்து நிற்பாராம். நீங்கள் சண்டையிட்டால் உங்களுக்குப் பாலூட்டிய இந்த உடலையே மாய்த்துக்கொள்வேன் என்று கையில் கத்தியுடன் கூறுவாராம். பிள்ளைகள் தலைகுனிந்து சமாதானம் ஆவார்கள். இந்தத் தாய் கண்ணை மூடிய பின் இவர்கள் ஒருவரை ஒருவர் அழித்துக்கொள்வார்கள் என்று அந்த வெளிநாட்டவர் கணித்தார்.

அந்தத் தாயின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. மன்னர்களின் பட்டப் பெயர்கள் கல்லில் நிற்கின்றன. ஒரு பேரரசைத் தன் உயிரைப் பணயம் வைத்துக் காத்தவரின் பெயர் எங்கும் இல்லை. இதைப் படித்தபோது நமக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

வீழ்ச்சி

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் குலசேகரரின் நாட்டில் அயல்நாட்டுப் பகைவர் கால் வைக்கவில்லை. அவரும் கடும் நோயென்று படுத்ததில்லை என்கிறார் வஸ்ஸாப். ஆனால் வெளியே வராத பகை வீட்டுக்குள் வந்தது. பட்டத்தரசியின் மகன் சுந்தரபாண்டியர். மற்றொருத்தியின் மகன் வீரபாண்டியர். தந்தை வீரபாண்டியரின் திறமையை மெச்சி அவரையே வாரிசாகத் தேர்ந்தார். சினம் கொண்ட சுந்தரபாண்டியர் 1310-இல் தம் தந்தையையே கொன்றார் என்று வஸ்ஸாப் எழுதியிருக்கிறார். இதை ஏற்காத வரலாற்றறிஞர்களும் உண்டு. ஆனால் சகோதரர் இருவரும் நாட்டை இரண்டாக்கிப் போரிட்டதில் ஐயமில்லை. சுந்தரபாண்டியர் டில்லியின் உதவியை நாடினார் என்றும் சொல்லப்படுகிறது.

1311-இல் டில்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜியின் தளபதி மாலிக் காபூர் தெற்கே வந்தார். எதிர்த்து நிற்க ஒன்றுபட்ட படை இல்லை. 512 யானைகளும் 5,000 குதிரைகளும் மலைபோன்ற மணிகளும் டில்லிக்குச் சென்றன என்று அமீர் குஸ்ரு எழுதுகிறார். அதன் பின்னும் சகோதரர்கள் கூடவில்லை. மேற்கேயிருந்து வேணாட்டு இரவிவர்ம குலசேகரர் காஞ்சி வரை படை நடத்தினார். 1323-இல் மதுரை டில்லியின் வசமாயிற்று; சிறிது காலத்தில் அங்குத் தனிச் சுல்தானாட்சி ஏற்பட்டது. பாண்டியர் வழிவந்தோர் தெற்கே ஒதுங்கித் தென்காசிப் பகுதியில் சிற்றரசர்களாக வாழ்ந்தனர்.

கடல் கடந்த ஓர் ஒப்புமை

அதே நூற்றாண்டில் ஆப்பிரிக்காவின் மேற்கே மாலி என்ற பேரரசு இருந்தது. அதன் மன்னர் மான்சா மூசா 1324-இல் மக்காவுக்குச் சென்ற வழியில் கெய்ரோவில் வழங்கிய பொன்னால் அங்குப் பொன்னின் விலையே இறங்கியதாம். அங்கே பொன், இங்கே முத்து. அங்கும் பின்னர் அரியணைப் போட்டியே பேரரசைக் கரையான் போல அரித்தது. இரண்டு நாடுகளையும் பார்த்தவர் ஒருவர் உண்டு. அவர் மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா. மாலிக்கு அவர் 1352-இல் சென்றார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு மதுரைக்கு வந்தபோது அவர் கண்டது முத்துமாலை அணிந்த பாண்டியரை அல்ல. கொள்ளைநோயில் மடிந்துகொண்டிருந்த மக்களைத்தான்.

முடிவுரை

பழையகாயலில் கடல் பின்வாங்கி, துறைமுகம் மண் மூடிப் போயிற்று. சீனத்துப் பீங்கான் ஓடுகள் அங்குச் சிதறிக் கிடந்ததைப் பேராயர் கால்டுவெல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டு எழுதினார். குலசேகரரின் கருவூலத்தில் எஞ்சியது அந்த ஓடுகள்தான் போலும்!

குலசேகரர் கோழை அல்லர்; கொடியவரும் அல்லர். கடல் கடந்த பகையையும் வென்றவர். ஆனால் தம் பிள்ளைகள் இருவரின் மனத்தையும் ஒன்றாக்க அவரால் இயலவில்லை. பாகப்பிரிவினையால் பேச்சு நின்றுபோன உடன்பிறப்புகளை நம் ஊர்களிலும் நாம் பார்க்கிறோம். ஒரு குழி நிலத்துக்கும் ஒரு கிணற்றுக்கும் நடக்கும் அதே சண்டைதான் அன்று ஒரு பேரரசுக்கு நடந்தது. வீட்டில் நீதியும் அன்பும் குறைந்தால் கோட்டை மதில் எவ்வளவு உயர்ந்தாலும் பயனில்லை.

அன்புத் தோழியரே, கத்தியோடு நடுவில் நின்ற அந்தப் பெயரற்ற தாயை நாம் நினைவில் வைப்போம். நம் இல்லங்களில் பூசல் எழும்போது, கத்தி இல்லாமலே, கனிந்த சொல்லால் நடுவில் நிற்கும் பெண்களாக நாம் வளர்வோம்.