34 ஆண்டுகள் சாகாத கோழி இதயம்: அலெக்சிஸ் கேரல் எங்கே சறுக்கினார்?

ஒரு கோழி பத்து வயதைத் தாண்டுவதே அபூர்வம். ஆனால், கோழிக் கருவிலிருந்து எடுத்த ஒரு துளி இதயத் திசு, ஆய்வகக் குடுவையில் 34 ஆண்டுகள் உயிரோடு இருந்ததாக உலகம் நம்பியது. அதை வளர்க்கத் தொடங்கியவர் இறந்து 2 ஆண்டுகள் கழித்தும் அது இருந்தது. அவர்தான் நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு அறுவை சிகிச்சை நிபுணர் அலெக்சிஸ் கேரல். அந்தத் திசு உண்மையிலேயே சாகாமல் இருந்ததா? இல்லை என்கிறது இன்றைய அறிவியல். அப்படியானால் அரை நூற்றாண்டு காலம் எல்லோரும் எப்படி ஏமாந்தார்கள்?

ஊசி நூலில் தொடங்கிய கதை

கேரல் 1873-ல் பிரான்சின் லியோன் நகரை ஒட்டிய ஊரில் பிறந்தவர். அவர் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த 1894-ல், அதே லியோனில் பிரெஞ்சு அதிபர் சாடி கார்னோ கத்தியால் குத்தப்பட்டார். கல்லீரலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் அறுந்துவிட்டது. அதைத் தைக்க அன்றைய மருத்துவர்களுக்கு வழி தெரியவில்லை. அதிபர் இறந்துபோனார்.

துணியைத் தைக்க முடிகிறது, ரத்தக்குழாயை ஏன் தைக்க முடியாது என்ற கேள்வி கேரலை விடவில்லை. லியோன் பட்டுக்குப் பேர்போன ஊர். அங்கே பூவேலை செய்யும் ஒரு பெண்மணியிடம் போய் மெல்லிய ஊசியையும் பட்டு நூலையும் கையாளக் கற்றுக்கொண்டார். 1902-ல் தன் முறையை வெளியிட்டார். குழாயின் வட்டமான வாயில் மூன்று இடங்களில் தையல் போட்டு இழுத்தால் அது முக்கோணமாகிவிடும். பிறகு நேர்க்கோட்டில் தைத்துக்கொண்டே போகலாம். அவ்ளோதான்! இன்றைய உறுப்பு மாற்று சிகிச்சைக்கு அடித்தளம் போட்டது இந்தத் தையல்தான்.

1904-ல் பிரான்சை விட்டுக் கிளம்பியவர், கனடா, சிகாகோ வழியாக 1906-ல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் சேர்ந்தார். 1912-ல் நோபல் பரிசு வந்தது.

செல்லுக்கு என்ன சாப்பாடு?

இதற்கிடையே 1907-ல் ராஸ் ஹாரிசன் என்ற அமெரிக்க ஆய்வாளர், தவளைக் கருவின் நரம்புத் திசுவை உடலுக்கு வெளியே, நிணநீர்த் துளியில் வளர்த்துக் காட்டியிருந்தார். கேரலுக்கு ஆசை வந்தது. கோழியின் ரத்தப் பிளாஸ்மாவில் திசுக்களை வளர்த்துப் பார்த்தார். கொஞ்ச நாளில் வளர்ச்சி சுணங்கிவிடும்.

அப்போதுதான் முக்கியமான ஒன்று பிடிபட்டது. கோழிக் கருக்களை நசுக்கி எடுத்த சாற்றைச் சேர்த்தால், செல்கள் பல மடங்கு வேகமாகப் பெருகின. சர்க்கரை, உப்பு, புரதம் மட்டும் போதாது, செல்லுக்குப் பெருகு என்று கட்டளையிடும் ஏதோ ஒன்று அந்தச் சாற்றில் இருக்கிறது என்பது புரிந்தது. 1920-களில் கேரல் அதற்கு ட்ரெஃபோன் என்று பெயரே வைத்துவிட்டார். ஆனால், அந்தப் பொருளைப் பிரித்தெடுக்க அவரால் முடியவில்லை.

குடுவைக்குப் பிறந்தநாள்

1912 ஜனவரி 17 அன்று தொடங்கியதுதான் அந்தப் புகழ்பெற்ற வளர்ப்பு. சில மாதங்களிலேயே இதயத் துடிப்பு நின்றுவிட்டது. எஞ்சியவை ஃபைப்ரோபிளாஸ்ட் என்கிற இணைப்புத் திசு செல்கள் மட்டுமே. ஆனா பத்திரிகைகளுக்கு அதெல்லாம் முக்கியமில்லை! சாகாத இதயம் என்று எழுதித் தள்ளின. ஜனவரி வந்தாலே அதற்குப் பிறந்தநாள் செய்தி வரும். கேரலின் உதவியாளர் ஆல்பர்ட் எபெலிங் அதை 1946 வரை பராமரித்தார்.

இதிலிருந்து ஒரு கோட்பாடும் பிறந்தது. செல்லுக்கு இயல்பாக மரணம் கிடையாது, உடல்தான் அதைச் சாகடிக்கிறது என்பதே அது. மற்ற ஆய்வகங்களில் செல்கள் செத்தால், செய்தவர் கைதான் சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இருண்ட பக்கம்

முதல் உலகப்போரில் காயங்களைச் சுத்தம் செய்யும் கேரல்-டேக்கின் முறை பல வீரர்களைக் காப்பாற்றியது. அதே மனிதர் 1935-ல் வெளியிட்ட நூலில், மனிதர்களைத் தரம் பிரித்து, சில குற்றவாளிகளை விஷவாயு கொடுத்து முடித்துவிடலாம் என்று எழுதினார். நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில், விஷி அரசின் ஆதரவில் ஓர் ஆய்வு அமைப்பை நடத்தினார். பாரிஸ் விடுதலையானதும் பதவி பறிபோனது. விசாரணை எதுவும் நடக்கும் முன்பே, 1944 நவம்பர் 5 அன்று இறந்தார். லியோனில் அவர் பெயரைத் தாங்கி நின்ற மருத்துவப் புலத்தின் பெயர் 1996-ல் மாற்றப்பட்டது.

உடைந்தது எப்படி?

1961-ல் ஃபிலடெல்ஃபியாவின் விஸ்டர் நிறுவனத்தில் லியோனார்ட் ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் ஒரு எளிய சோதனை செய்தார்கள். பலமுறை பிரிந்து களைத்த ஆண் செல்களையும், இளமையான பெண் செல்களையும் ஒரே குடுவையில் போட்டார்கள். ஒரே உணவு, ஒரே கை. கடைசியில் மிஞ்சியவை பெண் செல்கள் மட்டுமே. அப்படியானால் குறை வளர்த்தவரிடம் இல்லை, செல்லுக்குள்ளேயே ஒரு கணக்கு ஓடுகிறது. இயல்பான மனித செல் சுமார் 50 முறை இரட்டித்த பிறகு நின்றுவிடும். ராக்கஃபெல்லர் நிறுவனத்தின் ஆய்விதழ் இந்தக் கட்டுரையை நிராகரித்தது. வேறொரு இதழில்தான் வெளிவந்தது.

சரி, கேரலின் குடுவையில் நடந்தது என்ன? ஹேஃப்ளிக் முன்வைத்த விளக்கம் இது: கருச்சாற்றை அன்றைய சுழலி இயந்திரத்தில் சுற்றினாலும், சில உயிருள்ள செல்கள் அதில் தங்கியிருக்கலாம். உணவு போடும்போதெல்லாம் புது செல்களும் கூடவே போயிருக்கும். பழையவை சாக, புதியவை அந்த இடத்தைப் பிடித்திருக்கும். இது தெரியாமல் நடந்ததா, தெரிந்தே நடந்ததா என்பதற்கு இன்றுவரை விடை இல்லை.

இன்று இது ஏன் முக்கியம்?

கேரல் தேடிய பொருளில் பாதி உண்மை இருந்தது. பெருகச் சொல்லும் புரதங்கள் இருக்கத்தான் செய்கின்றன. அவற்றுக்கு வளர்ச்சிக் காரணிகள் என்று பெயர். அவற்றைக் கண்டறிந்ததற்காக ரீட்டா லெவி-மொன்டால்சினிக்கும் ஸ்டான்லி கோஹனுக்கும் 1986-ல் நோபல் கிடைத்தது.

கருச்சாறு போய், இப்போது கன்றுக் கருவின் ரத்த சீரம் வந்திருக்கிறது. அதில் வளர்ச்சிக் காரணிகளோடு, செல்கள் வெளியேற்றும் கோடிக்கணக்கான நுண்பைகளும் மிதக்கின்றன. எக்ஸோசோம் போன்ற இவை, செல்லிலிருந்து செல்லுக்குச் செய்தி கடத்துபவை. மனித செல்லின் நுண்பைகளை ஆராயும் ஒருவர், சீரத்தில் இருக்கும் மாட்டு நுண்பைகளை முதலில் அகற்றாவிட்டால் என்ன ஆகும்? மாட்டுடையதையும் மனித செல்லுடையது என்று எண்ணிவிடுவார். அதனால்தான் சீரத்தை அதிவேகச் சுழலியில் மணிக்கணக்கில் சுற்றி நுண்பைகளைக் குறைத்துவிட்டு, செல்லே இல்லாத வெறும் சீரக் கரைசலையும் பக்கத்தில் வைத்துச் சோதிக்கிறார்கள்.

குடுவையில் தெரிவது செல் செய்ததா, சாப்பாட்டோடு வந்ததா? கேரலின் ஆய்வகம் 34 ஆண்டுகளில் சரியாகக் கேட்டுக்கொள்ளாத கேள்வி இது. இன்று ஒவ்வொரு செல் ஆய்வகமும் சோதனையைத் தொடங்கும் முன்பே கேட்டாக வேண்டிய கேள்வியும் இதுதான்.