உண்மையை மறைக்காத டாக்டர்

நீலகிரியில் தோடர்களின் மந்துகளைத் தேடிச் சென்ற வெள்ளைக்காரர்கள் பலர். அவர்களுள் ஒருவர் டாக்டர் ரிவர்ஸ். 1901-02ல் அங்கே சில மாதங்கள் தங்கி, யாருக்கு யார் என்ன உறவு என்று வம்சாவளியைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். 1906ல் அது பெரும் புத்தகமாக வெளிவந்தது. பிறர் பேச்சைப் பொறுமையுடன் கேட்கும் இந்தப் பழக்கம் பின்னால் எத்தனையோ வாலிபர்களுக்கு மருந்தாக அமைந்தது.

ரிவர்ஸ் 1864ல் இங்கிலாந்தில் கெண்ட் ஜில்லாவில் பிறந்தவர். தகப்பனார் பாதிரியார்; திக்குவாய்க்குச் சிகிச்சை செய்வதில் பெயர் எடுத்தவர். வேடிக்கை என்னவென்றால், மகனுக்கே திக்குவாய்! அது கடைசிவரை முழுதும் நீங்கவில்லை.

முதல் உலக யுத்தம் வந்தது. பீரங்கி முழக்கத்தில் மனம் கலங்கிய சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் ஊர் திரும்பினர். சிலருக்குப் பேச்சே போயிற்று. சிலர் இரவில் அலறி எழுந்தனர். கோழைகள் என்று ஏசியவர்கள் உண்டு. ஊமையானவர்களின் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சிய டாக்டர்களும் உண்டு! நடந்ததை மறந்துவிடு என்பதுதான் எங்கும் உபதேசம்.

1916ல் எடின்பரோ அருகே கிரெய்க்லாக்கார்ட் ராணுவ ஆஸ்பத்திரிக்கு வந்த ரிவர்ஸ் இதை ஏற்கவில்லை. அடக்கி வைத்த நினைவுதான் இரவில் கனவாக வந்து வதைக்கிறது. அதை வெளியே எடுத்துப் பேச வேண்டும் என்றார்.

ஓர் அதிகாரி, குண்டுவீச்சில் சிதறிய நண்பனின் உடலைக் கண்டவர். தலை வேறு, கைகால் வேறாகக் கிடந்த அந்தக் காட்சி இரவுதோறும் கனவில் வந்தது. அப்படிச் சிதறியதே அவன் துன்பப்படாமல் ஒரு நொடியில் உயிர் விட்டதற்கு அடையாளம் என்று ரிவர்ஸ் எடுத்துக் காட்டினார். பிறகும் நண்பன் கனவில் வந்தான். ஆனால் பயம் வரவில்லை. துக்கம் மட்டுமே வந்தது.

எல்லோருக்கும் இப்படி ஆறுதல் கிடைத்ததா? இல்லை. அழுகிய பிணத்தின் வயிற்றின்மேல் முகம் பதிய விழுந்த மற்றோர் அதிகாரிக்குச் சொல்ல ஒரு நல்ல அம்சமும் ரிவர்ஸுக்குத் தென்படவில்லை. இல்லாததைச் சொல்லி ஏமாற்றவும் மனம் வரவில்லை. பட்டாளத்தை விட்டு, முன்பு நிம்மதி தந்த கிராமப்புறத்துக்கே போகும்படி யோசனை கூறினார். 1918ல் வெளியான கட்டுரையில் இதையும் ஒளிக்காமல் எழுதினார். வெற்றிகளை மட்டும் எழுதுவோர் மத்தியில் இது அபூர்வம்தான்!

1917 ஜூலையில் கவிஞர் சசூன் அங்கே வந்தார். வீரப்பதக்கம் பெற்றவர், யுத்தத்தை வீணாக நீட்டுகிறார்கள் என்று பகிரங்க அறிக்கை விட்டவர். விசாரணைக்கு நிறுத்தாமல், மூளை கலங்கியவர் என்று ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள்! ரிவர்ஸ் அவரைப் பைத்தியம் என்று சொல்லவில்லை. அதே சமயம், அவரை மீண்டும் போர்முனைக்கு அனுப்புவதே ராணுவ டாக்டரான தம் வேலை என்பதையும் மறைக்கவில்லை. மாலை வேளைகளில் இருவரும் நெடுநேரம் பேசினர், வாதாடினர். நவம்பரில் சசூன் தம் சிப்பாய்களிடம் திரும்பத் தீர்மானித்தார். கேட்டுக்கொண்டிருந்த ரிவர்ஸுக்கும் யுத்தம் சரிதானா என்ற சந்தேகம் எழுந்தது. அவருடைய கனவுகளிலேயே அது வந்தது.

அடுத்த ஜூலையில் சசூனுக்குத் தலையில் குண்டுக் காயம். லண்டன் ஆஸ்பத்திரியில் கலங்கிக் கிடந்தவரைத் தேடி வந்தார் ரிவர்ஸ்.

1922 ஜூனில், 58வது வயதில், குடலிறக்க நோயால் ரிவர்ஸ் திடீரென்று காலமானார். 1936ல் தம் கதையை நாவலாக எழுதிய சசூன், தமக்குக்கூடக் கற்பனைப் பெயர் சூட்டிக்கொண்டார். டாக்டருக்கு மட்டும் ரிவர்ஸ் என்ற சொந்தப் பெயரையே வைத்தார்.