சொத்தைச் சமூகத்திடம் ஒப்படைத்த வேந்தர்

செல்வந்தர்கள் தருமம் செய்வது புதுமையன்று. ஆனால், இலாபத்தில் ஒரு பங்கை வழங்குவதற்கும் இலாபம் ஈட்டும் நிறுவனத்தையே அறத்துக்கு ஒப்படைப்பதற்கும் பெரும் வேறுபாடுண்டு. இரண்டாவது வழியைத் தெரிந்தெடுத்தவர் டில்லியைச் சேர்ந்த ஹக்கீம் அப்துல் ஹமீத் ஆவார்.

1906ஆம் ஆண்டு பழைய டில்லியில் சிறியதொரு யுனானி மருந்தகமாக ஹம்தர்த் நிறுவனத்தை ஆரம்பித்தவர் அன்னாரின் தந்தை ஹக்கீம் அப்துல் மஜீத் ஆவார். கோடை வெப்பம் தணிக்கும் ரூஹ் அஃப்ஸா பானம் அந்நிறுவனத்தின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றது. நோன்பு துறக்கும் வேளையில் அதற்கு இன்றும் தனியிடம் உண்டு. 1922இல் தந்தை காலமானபோது 1908இல் பிறந்த மூத்த மகன் அப்துல் ஹமீதுக்குப் பதினான்கு வயதே ஆகியிருந்தது. தாயார் ராபியா பேகத்தின் துணையுடன் அவர் அப்பொறுப்பை ஏற்றார்.

1947ஆம் ஆண்டின் பிரிவினை இக்குடும்பத்தையும் விட்டுவைக்கவில்லை. இளைய சகோதரர் ஹக்கீம் முஹம்மத் செய்த் 1948இல் கராச்சிக்குச் சென்று அங்கு மற்றுமொரு ஹம்தர்த்தை உருவாக்கினார். மூத்தவரோ டில்லியிலேயே தங்கினார். அச்சமும் இடப்பெயர்வும் அந்நகர முஸ்லிம்களைச் சூழ்ந்திருந்த அதே 1948இல் அவர் தமது நிறுவனத்தை வக்பு சொத்தாக்கினார். அதாவது, விற்கவோ வாரிசுரிமையாகப் பங்கிடவோ இயலாத அறக்கொடையாக அது மாறியது. எதிர்காலம் நிச்சயமற்றிருந்த வேளையில் இருப்பதைப் பாதுகாத்துக்கொள்ளவே எவரும் முனைவர். அவர் அதற்கு மாறாக நடந்தார் என்பதே நாம் கவனத்திற் கொள்ள வேண்டியதாகும்.

இலாபத்தைப் பெற்று நற்பணிகளுக்குப் பகிர்ந்தளிக்க 1964இல் ஹம்தர்த் தேசிய மன்றம் அமைக்கப்பட்டது. மருத்துவ வரலாற்று ஆய்வு நிலையம், யுனானி மருத்துவக் கல்லூரி, மருந்தியல் கல்லூரி, வைத்தியசாலை என்பன படிப்படியாக உருவாகின. 1969இல் காலிப் அகடமியையும் அவர் நிறுவினார். இக்கல்வி நிறுவனங்களின் வளர்ச்சியாக 1989இல் ஜாமிஆ ஹம்தர்த் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. அதன் முதலாவது வேந்தராக அவரே விளங்கினார். இந்திய அரசு 1965இல் பத்மஸ்ரீ விருதையும் 1992இல் பத்மபூஷண் விருதையும் அவருக்கு வழங்கியது.

கராச்சியில் இளையவரும் தமது நிறுவனத்தை வக்பு ஆக்கி, பல்கலைக்கழகம் ஒன்றை நிறுவினார். எல்லைக்கோடு சகோதரர்களைப் பிரித்ததே தவிர அவர்களது நோக்கத்தைப் பிரிக்கவில்லை. எனினும் 1998 ஒக்டோபரில் துப்பாக்கிதாரிகள் கராச்சியில் செய்தின் உயிரைப் பறித்தனர். மறு ஆண்டு ஜூலையில் அப்துல் ஹமீதும் தமது தொண்ணூறாவது வயதில் டில்லியில் காலமானார்.

சிறுபான்மைச் சமூகங்கள் கல்வியில் பின்தங்குவதற்கு அரசுகளின் புறக்கணிப்பைக் காரணங்காட்டுவதில் நியாயமுண்டு. அதேவேளை, சமூகத்திலுள்ள வசதிபடைத்தோரின் கடமை என்ன என்ற வினாவையும் நாம் எழுப்பியாக வேண்டும். பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் வாரி வழங்கும் கரங்கள், ஆய்வுகூடத்துக்கும் நூலகத்துக்கும் நீளத் தயங்குவதேன்? சர்பத் விற்ற பணத்தில் ஒரு பல்கலைக்கழகத்தை எழுப்பியவரின் வாழ்வு அவ்வினாவை நம்முன் வைக்கின்றது.