ஜூலியா மார்கரெட் கேமரன்

ஜூலியா மார்கரெட் கேமரன் (ஜூன் 11, 1815 - ஜனவரி 26, 1879) 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பிரித்தானிய ஒளிப்படக் கலைஞர் ஆவார். கல்கத்தாவில் பிறந்து, இங்கிலாந்தில் புகழ் பெற்று, இலங்கையின் மலையகத்தில் காலமானார். இருண்ட பின்னணியில், ஒரு பக்கத்திலிருந்து விழும் ஒளியைக் கொண்டு, முகங்களை மிக அண்மையில் எடுத்த உருவப்படங்களுக்காக இவர் அறியப்படுகிறார். தமது 48ஆவது வயதிலேயே இவர் ஒளிப்படக்கருவியைக் கையாளத் தொடங்கினார். அதன் பின்னர் வந்த ஏறத்தாழ 12 ஆண்டுகளில் இங்கிலாந்தில் எடுத்த படங்களே இவருடைய புகழுக்குக் காரணமாயின. இவருடைய படங்களில் காணப்படும் மங்கல் கலையா அல்லது கைத்திறன் இன்மையா என்ற வாதம் இவர் வாழ்ந்த காலத்திலேயே தொடங்கிவிட்டது.

இளமையும் குடும்பமும்

இவரது தந்தையார் ஜேம்ஸ் பேட்டில் கிழக்கிந்தியக் கம்பனியின் அலுவலர். தாயார் அடலின் பிரெஞ்சு உயர்குடி வழிவந்தவர். பேட்டில் சகோதரிகள் என அழைக்கப்பட்ட ஏழு பெண்களுள் ஜூலியாவும் ஒருவர். சகோதரிகள் பலர் அழகுக்குப் பெயர் பெற்றிருந்தனர். ஜூலியா திறமைக்குப் பெயர் பெற்றார். இளமைக் காலத்தின் பெரும்பகுதியைப் பிரான்சில் பாட்டியாரிடம் கழித்துக் கல்வி கற்ற பின்னர், 1834இல் இந்தியா திரும்பினார்.

நோய்க்குப் பின் உடல்நலம் தேறுவதற்காகத் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் தங்கியிருந்தபோது இருவரைச் சந்தித்தார். ஒருவர் வானியலாளர் ஜான் ஹெர்ஷல். தென்வானத்து விண்மீன்களை ஆராய்வதற்காக அவர் அங்கே தங்கியிருந்தார். ஒளிப்படத்தை நிலைநிறுத்தப் பயன்படும் வேதிப்பொருளின் தன்மையைக் கண்டறிந்தவரும் இவரே. 1839க்குப் பின் இப்புதிய கலையைப் பற்றி ஜூலியாவுக்குக் கடிதம் வழியாக அறிவித்து, மாதிரிப் படங்களையும் அனுப்பிவைத்தார். மற்றவர் சட்ட அறிஞரான சார்லஸ் ஹே கேமரன். இலங்கை வரலாற்றைப் படித்தவர்களுக்கு இப்பெயர் புதியதன்று. இராசகாரிய முறையை ஒழித்த 1833ஆம் ஆண்டின் கோல்புறூக் - கமரன் சீர்திருத்தங்களில் இடம்பெறும் கமரன் இவரே. ஜூலியாவை விட இவர் 20 வயது மூத்தவர். இருவருக்கும் 1838இல் கல்கத்தாவில் திருமணம் நடைபெற்றது. சார்லஸ் அங்கே மெக்காலேயுடன் சட்ட ஆணையத்தில் பணிபுரிந்தார். ஈட்டிய பணத்தை இலங்கையில் கோப்பித் தோட்டங்களில் முதலிட்டார்.

1848இல் குடும்பம் இங்கிலாந்து சென்றது. 1860இல் வைட் தீவில் உள்ள பிரெஷ்வாட்டர் என்னும் ஊரில், கவிஞர் டென்னிசனின் இல்லத்துக்கு அருகே வீடு வாங்கினர். இலங்கையிலிருந்த தோட்டத்தின் நினைவாக அவ்வீட்டுக்கு டிம்போலா எனப் பெயரிட்டனர்.

ஒளிப்படத்துறையில் நுழைவு

1863 டிசம்பரில், கணவர் தோட்டங்களைப் பார்வையிட இலங்கை சென்றிருந்தபோது, தனிமையைப் போக்கிக்கொள்ளட்டும் என்று மகளும் மருமகனும் ஒரு ஒளிப்படக்கருவியைப் பரிசளித்தனர். ஜூலியா கோழிக்கூண்டைக் கண்ணாடி வீடாகவும், நிலக்கரி வைக்கும் அறையை இருட்டறையாகவும் மாற்றிக்கொண்டார். 1864 ஜனவரியில் ஆன்னி என்ற சிறுமியை எடுத்த படத்தையே தமது முதல் வெற்றியாகக் குறித்து வைத்தார்.

அக்காலத்தில் வழக்கிலிருந்தது ஈரக் கொலோடியன் முறை ஆகும். கண்ணாடித் தட்டின் மேல் கொலோடியனைச் சீராக ஊற்றி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலர்வதற்குள் படம் எடுத்து, உடனடியாக உருத்துலக்க வேண்டும். தூசி படிந்தாலும் விரல் பட்டாலும் தழும்பு நிலைத்துவிடும். கேமரனின் படங்களில் இத்தகைய விரல் அடையாளங்களும் கீறல்களும் கறைகளும் நிறையவே உள்ளன. அவற்றுக்காக அவர் படங்களை ஒதுக்கிவிடவில்லை.

ஒளியைக் கையாண்ட முறை

1860களில் இலண்டனின் படப்பிடிப்பு நிலையங்கள் பெரும்பாலும் கண்ணாடிக் கூரை கொண்டவையாக இருந்தன. மேலிருந்து பரவலாக வரும் ஒளியில் முகம் முழுவதும் சமமாகத் தெரியும்; நிழல் குறைவாக இருக்கும். முழு உருவத்தையும் அட்டை அளவில் சிறிதாக எடுத்து விற்பதே தொழிலாக இருந்தது. கேமரன் இதற்கு நேர்மாறான வழியைத் தேர்ந்தார். கண்ணாடி வீட்டின் பெரும்பகுதியைத் துணியால் மறைத்துவிட்டு, ஒரு பக்கத்தில் மட்டும் ஒளியை அனுமதித்தார். அமர்பவரின் உடலைக் கருந்துணியால் போர்த்தினார். இதனால் ஆடையும் அறையும் இருளில் மறைந்து, நெற்றி, மூக்கு, கன்னத்தின் விளிம்பு ஆகியவை மட்டும் வெளிச்சத்தில் எழும். 1866இலிருந்து 15க்கு 12 அங்குல அளவுள்ள கண்ணாடித் தட்டுகளைப் பயன்படுத்தியதால், சில முகங்கள் ஏறக்குறைய உண்மையான அளவிலேயே அமைந்தன. இப்படங்கள் உருப்பெருக்கம் செய்யப்பட்டவை அல்ல. தட்டின் அளவிலேயே நேரடியாகத் தாளில் பதிக்கப்பட்டவை.

ஒளியைக் குறைத்ததற்கு ஒரு விலையும் இருந்தது. ஒரு தட்டுக்குப் பல நிமிடங்கள் ஒளி தேவைப்பட்டது. அமர்ந்திருப்பவர் மூச்சு விட்டாலும் தலை சற்றே அசைந்தாலும் அது படத்தில் பதிவாகும். வில்லையின் துளையை அகலமாக வைத்ததால் குவியத்தில் அமையும் பகுதியும் மிகக் குறுகியதாகவே இருந்தது. கண் தெளிவாக இருந்தால் காது மங்கிவிடும். இவற்றோடு கொலோடியனின் இயல்பு ஒன்றும் சேர்ந்துகொண்டது. அது நீல ஒளியை விரைவாக ஏற்கும், சிவப்பை ஏற்காது. ஆகவே வெயில் பட்டுச் சிவந்த தோலும் சுருக்கங்களும் நேரில் இருப்பதை விடக் கருமையாகப் பதிந்தன. முதியவர்களின் முகங்கள் இவரது படங்களில் கல்லில் செதுக்கியவை போலத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

1867இல் எடுத்த ஹெர்ஷலின் படம் இம்முறையின் சிறந்த எடுத்துக்காட்டு எனலாம். கென்ற் பகுதியிலிருந்த ஹெர்ஷலின் வீட்டுக்கே கருவிகளுடன் சென்ற கேமரன், முதியவரின் வெண்ணிறத் தலைமுடியைக் கழுவச் செய்து, ஒளி அதில் சிக்கும்படி கலைத்துவிட்டார். இருளின் நடுவே அம்முடி ஒளிவட்டம் போல் தோன்றுகிறது. அதே ஆண்டு எடுத்த தாமஸ் கார்லைலின் படத்தில் முகம் அசைந்து மங்கியிருக்கிறது; ஆயினும் கார்லைலின் படங்களுள் பெரிதும் பேசப்படுவது அதுவே. உடன்பிறந்தாளின் மகளான ஜூலியா ஜாக்சனைத் திருமணத்துக்குச் சற்று முன் எடுத்த படமும் 1867ஐச் சேர்ந்தது. பிற்காலத்தில் எழுத்தாளர் வர்ஜீனியா வூல்ஃப் இவருக்கு மகளாகப் பிறந்தார். டென்னிசன், 1868இல் பிரெஷ்வாட்டரில் தங்கியிருந்த சார்லஸ் டார்வின் ஆகியோரையும் கேமரன் படம் எடுத்துள்ளார்.

புகழ்பெற்ற ஆண்களை அவரவர் பெயராலேயே எடுத்த கேமரன், பெண்களைப் பெரும்பாலும் விவிலிய, காவிய மாந்தர்களாக வேடமிட்டே எடுத்தார். வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியர் பல படங்களில் மரியாளாகத் தோன்றுகிறார். மற்றொரு பணிப்பெண்ணான மேரி ரயனைக் குழந்தையாக இருந்தபோது பிச்சையெடுக்கும் தாயிடமிருந்து கேமரன் தம் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார். அவரது படத்தைக் கண்காட்சியில் பார்த்து விரும்பிய இளைஞர் ஒருவர் 1867இல் அவரை மணந்தார். அந்த இளைஞரே 1904இல் இந்திய தேசியக் காங்கிரசின் தலைவரான ஹென்றி காட்டன்.

வரவேற்பும் எதிர்ப்பும்

ஒளிப்பட இதழ்கள் இவரைக் கடுமையாகத் தாக்கின. தெளிவே ஒளிப்படத்தின் சிறப்பு என்று கருதிய துறையினருக்கு, குவியம் தவறிய படத்தைக் கண்காட்சியில் வைப்பது அவமதிப்பாகத் தோன்றியது. தாமும் படம் எடுத்து வந்த லூயிஸ் கரோலுக்கும் இம்மங்கல் பிடிக்கவில்லை. ஓவியர்களிடையே நிலைமை வேறாக இருந்தது. ஜி. எஃப். வாட்ஸ் தொடர்ந்து ஊக்கமளித்தார். பெர்லின் கண்காட்சிகளில் 1865இல் வெண்கலப் பதக்கமும் 1866இல் தங்கப் பதக்கமும் கிடைத்தன. இன்று விக்டோரியா அல்பர்ட் அருங்காட்சியகம் எனப்படும் தென் கென்சிங்டன் அருங்காட்சியகம் 1865இல் இவரது படங்களை வாங்கியது. 1868இல் படப்பிடிப்புக்காக இரண்டு அறைகளையும் ஒதுக்கிக் கொடுத்தது.

எதிர்ப்பாளர்கள் சொன்னது முழுவதும் தவறு என்று கூறிவிட முடியாது. தொடக்கத்து மங்கல் தற்செயலாக நேர்ந்ததே. ஆனால் அவ்வாறு நேர்ந்ததைக் கண்டு, அதுவே வேண்டும் என்று தேர்ந்து தொடர்ந்தார் என்பதே கவனிக்கத்தக்கது. இது செல்வப் பெண்மணியின் பொழுதுபோக்காக மட்டும் இருக்கவும் இல்லை. கோப்பித் தோட்ட வருமானம் குறைந்துகொண்டிருந்த நிலையில், படங்களை விற்றுப் பணம் ஈட்ட விரும்பினார். அதற்காக ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படங்களுக்குப் பதிப்புரிமை பதிவு செய்தார். வருமானம் எதிர்பார்த்தபடி அமையவில்லை.

1874இல் டென்னிசனின் ஆர்தர் மன்னன் கவிதைகளுக்குப் படம் எடுத்தார். நூலில் அவை சிறிய மரச்செதுக்குப் படங்களாகவே இடம்பெற்றதில் மனநிறைவு கொள்ளாமல், மூல அளவில் தாமே தனித்தொகுதியாக வெளியிட்டார்.

இலங்கையில்

1869இல் இலங்கையில் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பிச் செடிகளை அழித்து வந்தது. கேமரன் குடும்பம் 1875இல் பிரெஷ்வாட்டரை விட்டு இலங்கைக்குப் புறப்பட்டது. எடுத்துச் சென்ற பொருட்களுள் இரண்டு சவப்பெட்டிகளும் இருந்தன.

இலங்கையில் எடுத்தவற்றுள் முப்பதுக்கும் குறைவான படங்களே எஞ்சியுள்ளன. 1877இல் களுத்துறையில் இவரது விருந்தினராகத் தங்கிய தாவரவியல் ஓவியர் மரியான் நோர்த், தம்மை எவ்வாறு படம் எடுத்தார் என்பதைப் பதிவு செய்துள்ளார். கம்பளித் துணியைப் போர்த்தி, தலைக்கு மேல் தென்னோலை விரிய, நண்பகல் வெயில் ஓலைகளின் இடைவெளி வழியாக விழும்படி நிறுத்தினாராம். கண்ணாடி வீட்டில் துணியால் செய்ததை இங்கே ஓலைகளைக் கொண்டு செய்ய முயன்றார் எனலாம்.

உள்ளூர் மக்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் எடுத்த படங்கள் வேறு விதமானவை. பிரெஷ்வாட்டரின் பணிப்பெண்களுடைய பெயர்களும் வாழ்க்கையும் இன்று நமக்குத் தெரியும். கேமரன் குடும்பத்தின் செல்வம் தங்கியிருந்த கோப்பித் தோட்டங்களில், தமிழகத்திலிருந்து வந்தவர்களே பெரும்பாலும் உழைத்தனர். ஆனால் இப்படங்களில் இருப்போர் ஊராலும் இனத்தாலும் குறிக்கப்படுகிறார்களே அன்றிப் பெரும்பாலும் பெயரால் அல்ல. ஒரு தொழிலாளியின் முதுகின் அழகைக் கண்டு வியந்து, தோட்டமே இல்லாத வீட்டுக்கு அவரைத் தோட்டக்காரராக அமர்த்துமாறு மகனை வற்புறுத்தினார் என்றும் நோர்த் எழுதியுள்ளார். இதைக் கலை ஆர்வம் என்று கொள்வாரும் உளர். ஆளைக் காணாமல் உருவத்தை மட்டும் கண்ட பார்வை என்று கொள்வாரும் உளர்.

1879 ஜனவரி 26இல் டிக்கோயாவில் உள்ள கிளென்கேன் தோட்டத்தில் கேமரன் காலமானார். பொகவந்தலாவையில் உள்ள புனித மரியாள் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மறு ஆண்டு இறந்த கணவரும் அருகிலேயே புதைக்கப்பட்டார்.

பிற்காலம்

1874இல் எழுதத் தொடங்கி முற்றுப்பெறாத இவரது தன்வரலாற்றுக் குறிப்பு 1889இல் வெளிவந்தது. அமெரிக்கரான ஆல்பிரட் ஸ்டீகிளிட்ஸ் 1913இல் தமது இதழில் இவரது படங்களை வெளியிட்டார். 1926இல் வர்ஜீனியா வூல்ஃபும் ரோஜர் ஃபிரையும் முன்னுரை எழுதிய தொகுப்பு வந்தது. 2003இல் வெளியான முழுமையான பட்டியலில் 1,200க்கும் மேற்பட்ட படங்கள் இடம்பெற்றுள்ளன. இடிக்கப்படும் நிலையிலிருந்து 1990களில் மீட்கப்பட்ட டிம்போலா வீடு, பின்னர் அருங்காட்சியகமாக ஆக்கப்பட்டது.