பண்ணைத் தொழிலாளர்களின் மருத்துவர் ஹெக்டர் கார்சியா

மருத்துவராக வேண்டும் என்று கனவு காணும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்பும் பெயர் டாக்டர் ஹெக்டர் கார்சியா. மருந்து எழுதிக் கொடுத்ததோடு தம் கடமை முடிந்துவிட்டதாக நினைக்காத மனிதர் அவர்.

1914ஆம் ஆண்டு மெக்சிகோவில் பிறந்தார். பெற்றோர் இருவரும் ஆசிரியர்கள். மெக்சிகோ புரட்சியின் கலவரத்துக்குத் தப்பி, 1917இல் குடும்பம் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் குடியேறியது. வசதி குறைவுதான். ஆனாலும் பிள்ளைகள் படித்தே ஆகவேண்டும் என்பதில் தந்தை உறுதியாக இருந்தார். பின்னாளில் பிள்ளைகளில் ஆறு பேர் மருத்துவர்கள் ஆனார்கள்.

ஹெக்டர் கல்லூரிக்குப் போக நாள்தோறும் 30 மைல் பயணம் செய்தார். பேருந்துக்குக் காசில்லாமல், வழியில் போகும் வண்டிகளை நிறுத்தி இடம் கேட்டு ஏறிக்கொள்வாராம். 1940இல் டாக்டர் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றி வெண்கல நட்சத்திரப் பதக்கமும் பெற்றார்.

1946இல் டெக்சஸின் கார்பஸ் கிறிஸ்டி நகரில் மருத்துவமனை தொடங்கினார். மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் அவரைத் தேடி வந்தன. அவர்களில் பலர் பருத்தி பறித்தும் காய்கறி அறுவடை செய்தும் பிழைத்தவர்கள். காசநோயும் குழந்தைகளின் வயிற்றுப்போக்கும் அவர்களிடையே அதிகம். கட்டணம் கொடுக்க முடியாதவர்களுக்கும் கார்சியா சிகிச்சை அளித்தார். நோய் எப்படிப் பரவுகிறது, எப்படித் தடுக்கலாம் என்பதை அவர்கள் பேசும் ஸ்பானிய மொழியிலேயே விளக்கினார்.

ஆனால், குணமான குழந்தை மறுபடியும் அதே நெரிசலான குடிசைக்கும் அசுத்தத் தண்ணீருக்கும்தானே திரும்பிப் போகிறது? இந்தக் கேள்விதான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது என்று நான் கருதுகிறேன். 1948இல் மேத்திஸ் என்னும் ஊரிலிருந்த தொழிலாளர் முகாம்களுக்கே நேரில் சென்றார். சுகாதார வசதி இல்லாத இருப்பிடங்களையும் சத்துணவின்றி மெலிந்த குழந்தைகளையும் கண்டார். பார்த்ததை வெளியுலகுக்கு எடுத்துச் சொன்னார்.

அதே ஆண்டு மார்ச் 26ஆம் தேதி, போரிலிருந்து திரும்பிய மெக்சிகோ வம்சாவளி வீரர்களைத் திரட்டி 'அமெரிக்கன் ஜிஐ ஃபோரம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர்களுக்குச் சேரவேண்டிய மருத்துவ உதவியைக் கேட்டுப் பெறுவது அதன் முதல் வேலைகளில் ஒன்று. பிள்ளைகளை இன அடிப்படையில் பிரித்து வைத்த பள்ளிகளையும் அது எதிர்த்தது. பருத்திக் காட்டுக்குப் போன பிள்ளைகளை வகுப்பறைக்கு அனுப்பும்படி பெற்றோரிடம் எடுத்துச் சொன்னது.

மறு ஆண்டு இன்னொரு சோதனை வந்தது. போரில் இறந்த ஃபீலிக்ஸ் லாங்கோரியா என்ற வீரருக்கு அஞ்சலி செலுத்த, அவர் மெக்சிகோ வம்சாவளியினர் என்பதால் சொந்த ஊரில் இடம் மறுக்கப்பட்டது. கார்சியா விடவில்லை. செனட்டர் லிண்டன் ஜான்சனின் உதவியோடு, ஆர்லிங்டன் தேசிய கல்லறையில் ராணுவ மரியாதையுடன் அவ்வீரர் அடக்கம் செய்யப்பட்டார். சிறிய அமைப்பின் குரல் அன்று நாடெங்கும் கேட்டது.

1984இல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் கார்சியாவைத் தேடி வந்தது. 1996இல், தமது 82ஆம் வயதில் மறைந்தார். புகழ் வந்த பிறகும் கார்பஸ் கிறிஸ்டியில் ஏழை நோயாளிகளைப் பார்ப்பதை அவர் விட்டுவிடவில்லை.

அவரிடம் நான் வியப்பது இதைத்தான். நோயாளியின் நாடியைப் பிடித்த கையால், அவர் வசிக்கும் வீட்டின் கதவையும் பிள்ளை படிக்கும் பள்ளியின் கதவையும் தட்டினார். மருத்துவம், தாதிமை, சமூகப்பணி எனத் துறை எதுவானாலும், நோய் எங்கே தொடங்குகிறது என்று கேட்கும் பழக்கத்தை மாணவப் பருவத்திலேயே வளர்த்துக்கொள்ளுங்கள்.