சிவாஜியின் 8 அமைச்சர்கள்: மன்னர் இல்லாதபோதும் மராட்டிய அரசு நின்றது எப்படி?

புனேயில் வேலை பார்க்கும் தமிழர்கள் ஒரு வார இறுதியிலாவது ஷனிவார் வாடா பக்கம் போயிருப்பீங்க. அங்கிருந்து நடக்கும் தூரத்தில்தான் லால் மஹால் இருக்கு. சத்ரபதி சிவாஜி சிறுவயதில் வளர்ந்த வீட்டின் நினைவாக, பின்னாளில் எழுப்பிய கட்டடம் அது. ஷனிவார் வாடாவோ பேஷ்வாக்களின் அரண்மனை. பேஷ்வா என்றால் அமைச்சர். மன்னரின் வீட்டைவிட அமைச்சரின் அரண்மனை எப்படி பெரிசாச்சு? இதற்கான பதில் சிவாஜியின் வாழ்க்கையில் இருக்கு.

ஏர் ஓட்டிய கதை

ரோம் நகரின் முதல் மன்னர் ரோமுலஸ், கி.மு. 753-ல் ஏர் ஓட்டி நகர எல்லையைக் குறித்தார் என்பது ரோமானியர்களின் புராணம். புனேக்கும் ஒரு ஏர்க் கதை உண்டு. சிவாஜியின் தந்தை ஷாஹாஜியின் ஜாகீராக இருந்த இந்த ஊரை, 1630 வாக்கில் பீஜப்பூர் படை எரித்துத் தரைமட்டமாக்கியது. கழுதைகளைப் பூட்டி ஏர் ஓட்டி, இனி யாரும் இங்கே வாழக்கூடாது என்று அடையாளம் வைத்ததாகவும் சொல்வார்கள்.

சில ஆண்டுகள் கழித்து ஜீஜாபாய் மகனுடன் அங்கே வந்தார். சிறுவன் சிவாஜி தங்க ஏர் பூட்டி அதே மண்ணை உழுதார் என்கிறது மரபு. தங்க ஏர் கதையாகவே இருக்கட்டும். பாழாய்க் கிடந்த ஊர் மறுபடி எழுந்தது உண்மை.

கோட்டைகளும் தப்பித்தலும்

புனே மாவட்டத்தின் சிவநேரி கோட்டையில் 1630 பிப்ரவரி 19 அன்று பிறந்தவர் சிவாஜி. 20 வயது ஆவதற்குள்ளேயே கோட்டைகளைப் பிடிக்கத் தொடங்கிட்டார். 1659-ல் பிரதாப்கட் அடிவாரத்தில் பீஜப்பூர் தளபதி அஃப்சல் கானைக் கொன்றார். 1663-ல், லால் மஹாலில் தங்கியிருந்த முகலாய சுபேதார் ஷாயிஸ்தா கான் மீது இரவில் பாய்ந்தார். கான் விரல்களை இழந்து தப்பினார்.

அடுத்து வந்தது சரிவு. 1665 புரந்தர் ஒப்பந்தத்தில் 23 கோட்டைகளை முகலாயருக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. 1666-ல் ஔரங்கசீப் அவரை ஆக்ராவில் காவலில் வைத்தார். அவர் தப்பி ஊர் திரும்பும் வரை பல மாதங்கள் ஜீஜாபாயும் அதிகாரிகளும் ஆட்சியை நடத்தினார்கள். மன்னர் ஊரில் இல்லை. ஆனால் அரசு கலையவில்லை.

8 பேர், 8 வேலை

1674 ஜூன் 6 அன்று ராய்கட்டில் முடிசூட்டிக்கொண்டபோது, இந்த ஏற்பாட்டுக்கு முழு வடிவம் கொடுத்தார். அதுதான் அஷ்ட பிரதான் மண்டலம். பேஷ்வா பொது நிர்வாகம், அமாத்யர் கணக்கு, சச்சிவ் அரசுக் கடிதங்கள், மந்திரி அரண்மனை விவகாரங்கள், சேனாபதி படை, சுமந்த் வெளியுறவு, நியாயாதீஷ் நீதி, பண்டித்ராவ் சமயம்.

இதில் முக்கியமான விஷயம், பதவி அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகும் சொத்து இல்லை. நிலத்தை ஜாகீராகக் கொடுப்பதைத் தவிர்த்து, கஜானாவிலிருந்து சம்பளம் கொடுப்பதே கொள்கை. கோட்டைகளிலும் அப்படித்தான். காவலுக்கு ஹவல்தார், கணக்குக்கு சப்னிஸ், தானியக் கிடங்குக்கு கார்கானிஸ் என்று அதிகாரத்தை மூன்றாகப் பிரித்தார். ஒருவர் மட்டும் நினைத்தால் கோட்டையை எதிரிக்கு விற்றுவிட முடியாது.

ஊரை உண்டாக்கியவர் ரோமுலஸ், சமய அமைப்புகளைத் தந்தவர் அடுத்து வந்த நூமா என்று ரோமானியர்கள் இரண்டு மன்னர்களுக்குப் பிரித்துச் சொல்வார்கள். மராட்டியர்களுக்கு இரண்டு வேலையும் செய்தவர் ஒரே ஆள்.

செஞ்சியில் நடந்த சோதனை

1677-ல் தெற்கே வந்த சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றினார். 1680 ஏப்ரல் 3 அன்று ராய்கட்டில் இறந்தார். மூத்த மகன் சம்பாஜியை 1689-ல் ஔரங்கசீப் கொன்றார். அதே ஆண்டு ராய்கட்டும் விழுந்தது. இளைய மகன் ராஜாராம் மாறுவேடத்தில் தப்பி, நம்ம ஊர் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். அங்கே மறுபடி அமைச்சரவையைக் கூட்டி, பிரதிநிதி என்று ஒரு புதிய பதவியையும் சேர்த்தார். 1698 தொடக்கம் வரை செஞ்சி முகலாயரிடம் விழவில்லை. தலைநகர் போனாலும் அரசு தொடர்ந்தது.

விதி தளர்ந்தபோது

ஆனால் அந்த நெருக்கடியில் ஆள் சேர்க்க மறுபடி ஜாகீர் கொடுக்கத் தொடங்கினார்கள். பதவிகளும் வாரிசுகளுக்குப் போயின. 1713-ல் பேஷ்வா ஆன பாலாஜி விஸ்வநாத்துக்குப் பிறகு, 1720-ல் அவர் மகன் பாஜிராவ் வந்தார். 1730-ல் புனேயில் ஷனிவார் வாடாவைக் கட்டத் தொடங்கியவர் இவர்தான். சத்ரபதி சதாராவில் பேருக்கு இருக்க, ஆட்சி நடந்தது புனேயில். 1818-ல் பிரிட்டிஷார் வரும் வரை இதே நிலைதான்.

சிவாஜி போட்ட அமைப்பு அவருக்குப் பிறகும் அரசைக் காப்பாற்றியது. பதவி பரம்பரைச் சொத்து ஆகக்கூடாது என்ற அவருடைய விதி மட்டும் நிலைக்கவில்லை. அடுத்த முறை ஷனிவார் வாடா போனால், லால் மஹாலுக்கும் ஒரு எட்டு போய்ட்டு வாங்க.